லோக்கலில் வெப்ஹூக் சோதிக்கும்போது சிக்னேச்சர் சரிபார்ப்பை அணைத்து வைக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: பேமென்ட் சேவை ஒன்றின் வெப்ஹூக்கை (ஏதாவது நடந்தால் அந்தச் சேவை தானாக உங்களுக்கு அனுப்பும் ரிக்வெஸ்ட்டை) வாங்க, எக்ஸ்பிரஸ் என்ற நோட் ஃப்ரேம்வொர்க்கில் ஒரு எண்ட்பாயிண்ட்டை லேப்டாப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இணையத்திலிருந்து லேப்டாப்புக்கு வழி திறக்கும் டனல் போட்டதும் ரிக்வெஸ்ட் வந்து சேருகிறது, ஆனால் அதை அனுப்பியது அந்தச் சேவைதான் என்று காட்டும் சிக்னேச்சர் ஒருமுறைகூடப் பொருந்தவில்லை. டெவலப்மென்ட்தானே, இப்போதைக்கு அதை அணைத்துவிட்டு புரொடக்‌ஷனில் போட்டுக்கொள்ளலாமா? டனல் முகவரி வேறு யாருக்காவது தெரிந்தால் ஆபத்தா?

அணைக்க வேண்டாம். வெப்ஹூக் கோடில் சிரமமான பகுதியே அந்தச் சரிபார்ப்புதான். மற்றதெல்லாம் ஒரு போஸ்ட் ரிக்வெஸ்ட்டை வாங்கி டேட்டாபேஸில் எழுதும் வேலை, அது எப்படியும் ஓடிவிடும். தப்பு வரக்கூடிய இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சோதித்தால், எதைத்தான் சோதித்தோம்?

இன்னொரு காரணமும் உண்டு. "டெவலப்மென்ட் என்றால் சரிபார்க்காதே" என்ற ஒரு வரி கோடில் உட்கார்ந்துவிட்டால் அது சர்வருக்கும் போகும். எக்ஸ்பிரஸில் நோட் என்வ் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் அமைக்கப்படவில்லை என்றால், ஃப்ரேம்வொர்க் தன்னை டெவலப்மென்ட் என்றே எடுத்துக்கொள்ளும். புது சர்வரில் அந்த ஒரு வேரியபிளை வைக்க மறந்தால் போதும், யார் வேண்டுமானாலும் "பணம் வந்துவிட்டது" என்று ஒரு ஜேசனை (டேட்டாவை டெக்ஸ்ட்டாக எழுதும் வடிவம்) அனுப்பி, பணம் கொடுக்காமலே ஆர்டரை வாங்கிக்கொள்ளலாம். எர்ரர் வராது, லாகிலும் எதுவும் தெரியாது. எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும்.

சரி, ஏன் பொருந்தவில்லை என்று பார்ப்போம். பெரும்பாலான சேவைகள் செய்வது ஒன்றுதான்: ரிக்வெஸ்ட் பாடியை (அதன் உள்ளடக்கத்தை), உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சீக்ரெட்டோடு சேர்த்து எச்மேக் ஷா-256 என்ற ஹேஷ் கணக்கைப் போட்டு, வந்த விடையை ஒரு ஹெடரில் வைத்து அனுப்புகிறார்கள். நீங்களும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கு பைட்டுகளின் மேல் நடக்கிறது, ஜேசனின் அர்த்தத்தின் மேல் அல்ல. ஒரு பைட் மாறினாலும் விடை முழுக்க வேறாகிவிடும்.

எக்ஸ்பிரஸ் ஆப்பில் பொதுவாக மேலேயே ஒரு ஜேசன் பார்சர் மிடில்வேர் இருக்கும். ரிக்வெஸ்ட் உங்கள் கைக்கு வரும் முன்பே அது பாடியைப் பிரித்து ஆப்ஜெக்ட்டாக்கிவிடும். நீங்கள் அதை ஸ்ட்ரிங்ஜிஃபை செய்து மறுபடி டெக்ஸ்ட் ஆக்கி ஹேஷ் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏறக்குறைய எல்லோரும் விழும் குழி இதுதான். அனுப்பியவர் தொகையை 100.0 என்று எழுதியிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பிரித்துத் திரும்பக் கட்டும்போது வெறும் 100 ஆக்கிவிடும். அனுப்பும் பக்கம் பைத்தானாக இருந்து இயல்பு அமைப்பிலேயே ஜேசன் எழுதியிருந்தால், ஒவ்வொரு முக்காற்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் பிறகு ஓர் இடைவெளி இருக்கும். உங்கள் பக்கம் அது காணாமல் போகும்.

தமிழ்ப் பெயர்கள் வரும் டேட்டாவில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 'அ' என்ற ஒரே எழுத்து யூடிஎஃப்-8 இல் 3 பைட். அதையே ஜேசனில் பேக்ஸ்லாஷோடு தொடங்கும் யூனிகோடு எஸ்கேப்பாக எழுதினால் 6 பைட். இரண்டும் முறையான ஜேசன், இரண்டையும் பிரித்தால் கிடைப்பது அதே 'அ'. பைத்தானின் ஜேசன் லைப்ரரி இயல்பாக எஸ்கேப் வடிவத்தில் எழுதும், ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தை அப்படியே எழுதும். அதனால்தான் சிலருக்கு ஆங்கிலப் பெயர் வைத்துச் சோதிக்கும்போது பாஸ் ஆகும், தமிழ்ப் பெயர் கொண்ட வாடிக்கையாளர் வந்ததும் தோற்கும். இப்படி 'சில நேரம் மட்டும்' தோற்கும் சிக்னேச்சரைக் கண்டால் முதலில் இந்தப் பக்கம் பாருங்கள்.

தீர்வு எளிது: வெப்ஹூக் வரும் அந்த ஒரு ரூட்டுக்கு (முகவரிப் பாதைக்கு) மட்டும் ஜேசன் பார்சருக்குப் பதில் எக்ஸ்பிரஸின் ரா பார்சரைப் போடுங்கள். கூடவே, பொதுவான ஜேசன் பார்சரைப் பதிவு செய்யும் வரிக்கு மேலே அந்த ரூட் வர வேண்டும். கீழே இருந்தால் பொதுப் பார்சர் முந்திக்கொள்ளும். பஃபராக, அதாவது கலையாத பைட்டுகளாக, வரும் பாடியில் முதலில் சிக்னேச்சரைச் சரிபார்த்து, பொருந்திய பிறகுதான் ஜேசனைப் பிரிக்க வேண்டும். ஜாங்கோ என்றால் ரிக்வெஸ்ட்டின் பாடி, ஃப்ளாஸ்க் என்றால் கெட் டேட்டா, நெக்ஸ்ட் ஜேஎஸ் ரூட் ஹேண்ட்லர் என்றால் டெக்ஸ்ட் மெத்தட். எந்த ஃப்ரேம்வொர்க்கிலும் கலையாத பைட்டுகளை எடுக்க ஒரு வழி இருக்கும்.

பாடி சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால் அடுத்த சந்தேகம் சீக்ரெட் மேல். ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் இதில் நன்றாகவே மாட்டிக்கொள்வார்கள். அவர்களுடைய கமாண்ட் லைன் கருவியில் லிசன் என்ற கமாண்டைக் கொடுத்தால், அது தனக்கென ஒரு சைனிங் சீக்ரெட்டை டெர்மினலில் அச்சிடும். டேஷ்போர்டில் நீங்கள் பதிவு செய்த எண்ட்பாயிண்ட்டின் சீக்ரெட் வேறு. இரண்டும் ஒரே மாதிரி எழுத்துகளில்தான் தொடங்கும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லிசன் வழியாக வரும் ரிக்வெஸ்ட்டுக்கு டெர்மினலில் வந்ததைத்தான் வைக்க வேண்டும். இது போக, சீக்ரெட்டைக் காப்பி செய்து என்வ் ஃபைலில் ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளியோ நியூலைனோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதன் நீளத்தை மட்டும் லாகில் அச்சிட்டுப் பாருங்கள், சீக்ரெட்டையே அச்சிடாதீர்கள்.

எதை ஹேஷ் செய்கிறார்கள், விடையை எப்படி எழுதுகிறார்கள் என்பதும் சேவைக்குச் சேவை மாறும். கிட்ஹப் வெறும் பாடியை ஹேஷ் செய்து, ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறையில்) எழுதி, முன்னால் ஷா256 என்றும் சமக்குறியும் போட்டு எக்ஸ்-ஹப்-சிக்னேச்சர்-256 ஹெடரில் அனுப்பும். ஷாப்பிஃபையும் பாடியைத்தான் ஹேஷ் செய்யும், ஆனால் விடையை பேஸ்64 என்ற வேறு எழுத்து முறையில் எழுதும். ஸ்ட்ரைப் டைம்ஸ்டாம்ப், ஒரு புள்ளி, அப்புறம் பாடி என்று சேர்த்து ஹேஷ் செய்யும். ஸ்லாக்கில் வெர்ஷன், டைம்ஸ்டாம்ப், பாடி மூன்றும் முக்காற்புள்ளியால் பிரிந்திருக்கும். ஒரு சேவைக்கு எழுதிய ஃபங்ஷனை இன்னொன்றுக்கு ஒட்டினால் வேலை செய்யாததற்கு இதுவே காரணம். சேவை தரும் அதிகாரபூர்வ லைப்ரரி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், சொந்தமாக எழுதிப் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

டைம்ஸ்டாம்ப் என்றதும் இன்னொன்று. ஸ்ட்ரைப் லைப்ரரிகள் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் பழைய ரிக்வெஸ்ட்டை மறுத்துவிடும். பிடித்து வைத்த பழைய ரிக்வெஸ்ட்டை ஒருவர் மறுபடி அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக. லோக்கலில் இது இரண்டு விதமாக உங்களைக் குழப்பும். ஒன்று, டனல் கருவியின் ரீப்ளே பட்டனை மதிய உணவுக்குப் பிறகு அழுத்தினால் தோற்கும். அது பக் இல்லை, சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். மற்றொன்று, உங்கள் கடிகாரமே தப்பாக இருக்கலாம். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல்-2 வைத்து வேலை செய்கிறவர்களுக்கு, லேப்டாப் ஸ்லீப்பில் போய் எழுந்தபின் உள்ளே ஓடும் லினக்ஸின் கடிகாரம் பின்தங்கிப் போவது பழகிய தொல்லை. "நேற்று வேலை செய்தது, இன்று காலையிலிருந்து செய்யவில்லை" என்றால் அந்த டெர்மினலில் டேட் என்று அடித்துப் பாருங்கள். 5 நிமிட வரம்பை ஒரு நாளாக நீட்டிவைக்க மட்டும் கை போகவே கூடாது.

ஒப்பிடும் இடத்தில் சாதாரணச் சமக்குறி வேண்டாம். முதல் வித்தியாசத்திலேயே நின்றுவிடும் ஒப்பீடு எடுக்கும் நேரத்தை அளந்து சிக்னேச்சரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊகிக்க முடியும் என்பது கொள்கையளவில் உண்மை. இணையத்துக்கு அப்பாலிருந்து அதைச் செய்வது கடினம்தான், ஆனால் ஒரே வரியில் தடுக்க முடியும்போது ஏன் விட்டுவைக்க வேண்டும்? பைத்தானில் கம்பேர் டைஜஸ்ட், பிஎச்பியில் ஹேஷ் ஈக்வல்ஸ், நோடில் டைமிங் சேஃப் ஈக்வல். நோடில் மட்டும் ஒரு சங்கதி: இரண்டு பக்கமும் ஒரே நீளம் இல்லையென்றால் அது ஃபால்ஸ் தராது, எக்ஸெப்ஷனை எறியும். யாராவது அரைகுறை சிக்னேச்சர் அனுப்பினால் 401 (அனுமதி இல்லை) போக வேண்டிய இடத்தில் 500 (சர்வர் எர்ரர்) போகும். முதலில் நீளத்தைப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான, யாரும் அவ்வளவாகப் பேசாத ஓட்டை காலி சீக்ரெட். என்விரான்மென்ட் வேரியபிள் இல்லாவிட்டால் காலி ஸ்ட்ரிங் என்று இயல்பு மதிப்பு கொடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எச்மேக் காலி சீக்ரெட்டை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், எர்ரர் தராது. காலி சீக்ரெட் போட்டு யாரும் கணக்கிடலாம் என்பதால் உங்கள் சரிபார்ப்பு அங்கே வெறும் அலங்காரம். சீக்ரெட் இல்லை என்றால் ஆப் எழும்பவே கூடாது, தொடக்கத்திலேயே எர்ரரோடு நிற்க வேண்டும்.

இனி டனல். அதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு டனல் உண்மையில் எப்போதும் தேவையா? வெளியிலிருந்து ஒரு சேவை உங்கள் 127.0.0.1 ஐ அடைய முடியாது, அது ஒவ்வொரு மெஷினுக்கும் தன்னையே குறிக்கும் முகவரி. ரவுட்டருக்குப் பின்னாலுள்ள 192.168 முகவரியும் இணையத்தில் எங்கும் போகாது. அதனால்தான் டனல். ஆனால் தினசரி வேலைக்கு அது வேண்டியதில்லை. ஒருமுறை டனல் வழியாக நிஜ ரிக்வெஸ்ட்டை வரவைத்து, அதன் பாடியை பைட் மாறாமல் ஒரு ஃபைலில் சேமியுங்கள். அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அந்தப் பாடிக்கு இப்போதைய டைம்ஸ்டாம்ப்பும் உங்கள் டெஸ்ட் சீக்ரெட்டும் சேர்த்துப் புதிதாகச் சிக்னேச்சர் போட்டு லோக்கல்ஹோஸ்டுக்கு அனுப்பட்டும். நெட் இல்லாமலே வேலை நடக்கும், கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐயிலும் ஓடும்.

அந்த ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்றும் சோதிக்கலாம். சரியான சிக்னேச்சர் பாஸ் ஆவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துகிறவர்களே அதிகம். பாடியில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி அனுப்புங்கள், ஹெடரே இல்லாமல் அனுப்புங்கள், 10 நிமிடம் பழைய டைம்ஸ்டாம்ப்பில் அனுப்புங்கள், வேறு சீக்ரெட்டில் போட்டு அனுப்புங்கள். நான்கும் மறுக்கப்பட வேண்டும், டேட்டாபேஸில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. இந்த நான்கும் உங்கள் டெஸ்ட் ஃபைலில் நிரந்தரமாக இருந்தால், பிற்பாடு யாராவது "சும்மா இப்போதைக்கு" என்று சரிபார்ப்பைக் கமெண்ட் செய்தால் பில்டு உடையும்.

டனலுக்கு என்ஜிராக், கிளவுட்ஃப்ளேர் டனல், டெயில்ஸ்கேல் ஃபனல் எதுவானாலும் சரி. என்ஜிராக்கில் எனக்குப் பிடித்தது 4040 போர்ட்டில் ஓடும் அதன் இன்ஸ்பெக்டர். வந்த ரிக்வெஸ்ட்டின் ஹெடர், பாடி, நீங்கள் திருப்பிக் கொடுத்த பதில் எல்லாம் அதில் தெரியும். சிக்னேச்சர் பொருந்தாதபோது 'அவர்கள் அனுப்பியது இது, என் கோடுக்குக் கிடைத்தது இது' என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. சேவையே கமாண்ட் லைன் கருவி தந்தால் அதை முதலில் பாருங்கள், பொது முகவரி எதையும் திறக்காமலே வேலை முடியலாம். ஸ்மீ போன்ற ரிலேக்கள் சிறு சோதனைக்கு வசதி, ஆனால் அந்தச் சேனல் முகவரி தெரிந்த எவரும் வரும் டேட்டாவைப் பார்க்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

டனல் போட்டும் ரிக்வெஸ்ட் வந்து சேரவில்லை என்று தவிப்பவர்களுக்கு மூன்று இடங்கள். நோட் 17 முதல் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் பல மெஷின்களில் ஐபிவி6 முகவரிக்கு முதலில் போகும். ஆப் ஒரு முகவரியில் கேட்க, டனல் மற்றொரு முகவரியில் தட்டும், கிடைப்பது 502 எர்ரர். டனலுக்கு 127.0.0.1 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். மேக்கில் 5000 போர்ட்டைப் பயன்படுத்தி, காரணமே இல்லாமல் 403 எர்ரர் வருகிறது என்றால் உங்கள் கோடைத் திட்டாதீர்கள். மான்டரே முதல் அந்தப் போர்ட்டில் ஏர்ப்ளே ரிசீவர் உட்கார்ந்திருக்கும், பதில் சொல்வது அது. ஜாங்கோ, ரெயில்ஸ், விட் ஆகியவை தெரியாத ஹோஸ்ட் பெயரை மறுக்கும். அப்போது எல்லா ஹோஸ்ட்டையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறியைப் போடாமல் அந்த டனல் பெயரை மட்டும் சேருங்கள்.

டனல் முகவரி யாருக்காவது தெரிந்தால் ஆபத்தா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீளமான, ஊகிக்க முடியாத முகவரி என்பது பாதுகாப்பு ஆகாது. அது லாகில் இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும், சேவையின் டேஷ்போர்டில் இருக்கும், சாட்டில் யாராவது ஒட்டியிருப்பார்கள். பிரச்சினை வெப்ஹூக் ரூட் கூட இல்லை, அதற்கு இப்போது சிக்னேச்சர் காவல் இருக்கிறது. டனல் திறப்பது ஒரு ரூட்டை அல்ல, அந்தப் போர்ட்டில் ஓடும் மொத்த ஆப்பையும். டெவலப்மென்ட் ஆப் என்றால் பாஸ்வேர்ட் இல்லாத அட்மின் பக்கம், டெஸ்ட் லாகின், எர்ரர் வந்தால் கோடையும் செட்டிங்கையும் விரித்துக் காட்டும் டீபக் பக்கம் எல்லாம் இருக்கும். ஃப்ளாஸ்க்கின் டீபக்கர் ஒரு படி மேல், பிரௌசரிலிருந்தே உங்கள் மெஷினில் பைத்தான் கோடு ஓட்டும் கன்சோல் அதில் உண்டு. பழைய வெர்ஷன்களில் ஒரு பின் நம்பர் மட்டும்தான் தடுப்பு.

ஆகவே வெப்ஹூக் வாங்கும் பகுதியை மட்டும் தனி போர்ட்டில், டீபக் இல்லாமல் ஓட்டி, டனலை அதற்கு மட்டும் போடுங்கள். முடியாவிட்டால் டனல் கருவியின் விதிகளில் அந்த ஒரு பாதைக்கு வரும் போஸ்ட் ரிக்வெஸ்ட் தவிர மற்றதை மறுக்கச் சொல்லுங்கள். சேவையின் ஐபி முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாமே என்று தோன்றும். ஆப்புக்குள் அது லோக்கலில் பயன்படாது, டனல் வழியாக வரும் எல்லாமே உங்கள் ஆப்புக்கு 127.0.0.1 இலிருந்து வந்ததாகவே தெரியும். அனுப்பியவரின் ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை நம்பிச் செய்தால் அதை யார் எழுதினார்கள் என்ற கேள்வி வரும். டனல் சேவையின் பக்கத்திலேயே ஐபி விதி போட முடிந்தால் கூடுதல் பூட்டாக வைத்துக்கொள்ளலாம், சிக்னேச்சருக்கு மாற்றாக அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்ஜிராக், கிளவுட்ஃப்ளேர் போன்றவற்றின் சாதாரண எச்டிடிபி டனலில் டிஎல்எஸ் குறியாக்கம் உங்கள் மெஷினில் முடிவதில்லை, டனல் நிறுவனத்தின் சர்வரில் முடிகிறது. அங்கிருந்து பார்த்தால் பாடி திறந்தே இருக்கும். ஆகவே நிஜ வாடிக்கையாளர் டேட்டா இந்த வழியாகப் போகவே கூடாது, டெஸ்ட் மோடு கணக்கு மட்டும். லோக்கலுக்கு ஒரு சீக்ரெட், ஸ்டேஜிங்குக்கு ஒன்று, புரொடக்‌ஷனுக்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். சீக்ரெட்டை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டிய சேவைகளில் 32 ரேண்டம் பைட்டை ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு உருவாக்குங்கள், கம்பெனி பெயரையும் வருடத்தையும் சேர்த்து எழுதாதீர்கள்.

சரிபார்ப்பு தாண்டிய பிறகு லோக்கலிலேயே பார்க்க வேண்டியது ஒன்று மிச்சம்: ஒரே ஈவென்ட் இரண்டு முறை வருவது. ஸ்ட்ரைப் லைவ் மோடில் 2xx (வெற்றி) பதில் கிடைக்காவிட்டால் 3 நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பும். நீங்கள் பணத்தைப் பதிந்துவிட்டு, பதில் சொல்லத் தாமதித்தால் அதே ஈவென்ட் மறுபடி வரும். ஸ்லாக் 3 வினாடிக்குள் பதில் எதிர்பார்க்கும், கிட்ஹப் 10 வினாடி. கிட்ஹப் தோற்றதைத் தானாக மறுபடி அனுப்பாது, அதனால் அங்கே தவறவிட்டதை நீங்களே தேடி எடுக்க வேண்டும். ஈவென்ட்டின் ஐடியை யுனிக் கட்டுப்பாடு உள்ள (ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறாத) ஒரு டேபிளில் முதலில் எழுதி, வேலையைக் கியூவில் போட்டுவிட்டு உடனே 200 சொல்வதுதான் நடைமுறை. "இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது" என்று இரண்டு படியாக எழுதினால் இரண்டு ரிக்வெஸ்ட்டும் ஒரே கணத்தில் வரும்போது இரண்டும் 'இல்லை' என்றே பார்க்கும். மேலே சொன்ன ஸ்கிரிப்ட்டில் ஒரே ரிக்வெஸ்ட்டை ஒரே நேரத்தில் பத்து தடவை அனுப்பிப் பாருங்கள். டேபிளில் ஒரே பதிவுதான் இருக்க வேண்டும். ஈவென்ட்டுகள் வரும் வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை, 'பணம் திரும்பியது' என்பது 'பணம் வந்தது' என்பதற்கு முன்னால் வரலாம். அதையும் மாற்றி அனுப்பிச் சோதியுங்கள்.

உங்கள் சிக்கலுக்கு நான் பார்க்கும் வரிசை: முதலில் ஜேசன் பார்சரின் இடம், அடுத்து சீக்ரெட் எங்கிருந்து வந்தது, பிறகு ஹெக்ஸா பேஸ்64ஆ, கடைசியில் கடிகாரம். எக்ஸ்பிரஸ் என்று சொன்னதால் முதலாவதிலேயே முடிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். வேலை முடிந்ததும் டனலை மூடுவதோடு நிற்காமல், சேவையின் டேஷ்போர்டில் பதிந்த டெஸ்ட் எண்ட்பாயிண்ட்டையும் நீக்கிவிடுங்கள். தற்காலிக டனல் பெயர் உங்களிடமிருந்து விடுபட்டுப் பின்னால் வேறு ஒருவர் கைக்குப் போனால், உங்கள் ஈவென்ட்டுகள் அவருடைய லேப்டாப்பில் போய் இறங்கும்.